தலைக்கு வந்தது காலோடு போனது

ஆப்கானிஸ்தானின் தெற்கே ஹெல்மண்ட் மாகாணத்தில் 2010, 2011 ஆம் ஆண்டுகளில் அமெரிக்க, பிரிட்டிஷ் படைகளின் போர்க்கள மருத்துவமனைகளுக்கு ஒரே வகைக் காயம் திரும்பத் திரும்ப வந்தது. இரண்டு கால்களும் முழங்காலை ஒட்டியோ அதற்கு மேலேயோ போயிருக்கும். பல நேரங்களில் ஒரு கையும் சிதைந்திருக்கும். இடுப்பெலும்பு உடைந்திருக்கும், பிறப்புறுப்பும் அடிவயிறும் கிழிந்திருக்கும். வாகனத்தில் இல்லாமல் நடந்து ரோந்து சென்றவர்களுக்கே வந்த இந்தக் காயத்துக்கு ராணுவ மருத்துவர்கள் தனியாகப் பெயர் சூட்டினார்கள். அமெரிக்கத் தரைப்படை இதற்கென்றே ஒரு சிறப்புக் குழுவை அமைத்து 2011 ஜூனில் அறிக்கை வாங்கியது.

காயம் ஏன் பெருகியது என்பதற்கு எதிரியின் வெடிகுண்டு பாதி விடைதான். மீதி விடை மருத்துவர்களிடம் இருக்கிறது. இதே காயம் பட்டவர் வியட்நாம் காட்டில் கிடந்திருந்தால் மாண்டோர் பட்டியலில் ஒரு பெயராக முடிந்திருப்பார். ஹெல்மண்டில் அவர் உயிரோடு ஆபரேஷன் மேசைக்கு வந்து சேர்ந்தார். உறுப்பிழந்தோர் எண்ணிக்கை ஏறியதைத் தோல்வியின் அளவுகோலாக மட்டும் படித்தவர்கள் இந்த இடத்தைத் தவறவிட்டார்கள். அந்தப் பட்டியலில் ஒரு பகுதி, சாக வேண்டியிருந்து சாகாமல் போனவர்களின் பட்டியல்.

மொத்த எண்ணிக்கை ஒன்றும் மலைக்கவைப்பதல்ல. இராக், ஆப்கானிஸ்தான் போர்கள் தொடங்கியதிலிருந்து 2015 வரை கை அல்லது காலை இழந்த அமெரிக்க வீரர்கள் 1,600க்குச் சற்று மேல். ஆப்கானிஸ்தானில் பிரிட்டன் தரப்பில் சுமார் 300 பேர். முதல் உலகப் போரில் பிரிட்டனில் மட்டும் 41,000 பேர் உறுப்பிழந்து திரும்பினார்கள். அவர்களுக்காக லண்டனுக்கு அருகே ரோஹாம்ப்டனில் தனி மருத்துவமனையே எழுந்தது. ஆனால் அந்தக் காலத்தில் இரண்டு, மூன்று உறுப்புகளை ஒருசேர இழந்தவர்கள் பிழைப்பது அரிது. இந்தப் போர்களிலோ நான்கு உறுப்புகளையும் இழந்த ஐந்து அமெரிக்க வீரர்கள் உயிரோடு வீடு திரும்பினார்கள்.

முதலில் வெடிகுண்டைப் பார்ப்போம். இராக்கில் குறி பெரும்பாலும் வாகனங்கள்தான். அதற்கு மறுமொழியாக 2007 முதல் அமெரிக்கா, அடிப்பகுதி V வடிவில் அமைந்த கனரகக் கவச வண்டிகளை ஆயிரக்கணக்கில் இறக்கியது. வெடிப்பின் விசை பக்கவாட்டில் சிதறிப்போகும் அமைப்பு அது. நன்றாகவே வேலை செய்தது. பிறகு ஆப்கானிஸ்தானில் உத்தி மாறியது. மக்களோடு பழகினால்தான் கிளர்ச்சியை அடக்கலாம் என்று 2009இல் தளபதிகள் முடிவெடுத்தார்கள். கவச வண்டிக்குள் உட்கார்ந்துகொண்டு யாரோடும் பழக முடியாது. வீரர்கள் இறங்கி நடந்தார்கள். ஹெல்மண்டின் சங்கின், மார்ஜா போன்ற இடங்கள் பாசன வாய்க்கால்களும் மண்சுவர்களும் சோளக்கொல்லைகளும் நிறைந்தவை. நடக்கக்கூடிய வழி ஒன்றிரண்டுதான் இருக்கும்; அதை அறிந்தவர்கள் அங்கேயே குழி தோண்டினார்கள்.

குண்டு செய்ய ஆயுதத் தொழிற்சாலை தேவைப்படவில்லை. மஞ்சள் நிறச் சமையல் எண்ணெய் கேன், அதில் உரத்திலிருந்து எடுத்த அம்மோனியம் நைட்ரேட், மேலே மிதித்தால் மின்சுற்று மூடிக்கொள்ளும் மரப்பலகை, கொஞ்சம் பேட்டரி. உலோகம் மிகக் குறைவாக இருந்ததால் கையில் பிடிக்கும் கண்டுபிடிப்புக் கருவிகள் பல நேரம் ஊமையாகவே இருந்தன. சங்கினில் 2010 அக்டோபர் முதல் ஏழு மாதங்கள் இருந்த அமெரிக்கக் கடற்படைக் காலாட்படையின் ஒரே ஒரு பட்டாலியனில் 25 பேர் இறந்தார்கள். சுமார் 200 பேர் காயமடைந்தார்கள்.

தமிழ் வாசகர்களுக்கு மிதிவெடி அந்நியமான பொருள் அல்ல. 1987 முதல் 1990 வரை இலங்கையின் வடக்கிலும் கிழக்கிலும் இருந்த இந்திய அமைதிப்படையில் சுமார் 1,200 பேர் இறந்தார்கள். காலை இழந்து திரும்பியவர்களும் உண்டு. அவர்களைப் போன்றவர்களுக்கு நடை பழக்கியது புனேயில் 1944இல் தொடங்கப்பட்ட ராணுவச் செயற்கை உறுப்பு மையம். போர் முடிந்த பின்னும் வன்னி மண்ணில் மிதிவெடி தேடி எடுக்கும் வேலை ஆண்டுக்கணக்கில் நீண்டதை நாம் அறிவோம்.

மிதித்த கணத்தில் நடப்பது, வெளியே தெரிவதைவிடக் கொடியது. முதலில் அதிர்வலை பாதத்தின் வழியே ஏறிக் கெண்டைக்கால் எலும்பை நொறுக்குகிறது. உடன் வரும் சூடான வாயு, நொறுங்கிய இடத்தில் காலைப் பிய்த்தெடுக்கிறது. மூன்றாவதாக, மண்ணும் சரளையும் பூட்ஸின் துண்டுகளும் அவருடைய எலும்புச் சில்லுகளுமே தசைகளுக்கு இடையிலுள்ள மென்மையான தளங்களைப் பிளந்துகொண்டு மேல்நோக்கிப் பாய்கின்றன. காயம் முழங்காலோடு நின்றதாகத் தோன்றும்; திறந்து பார்த்தால் அழுக்கு தொடை வரை போயிருக்கும். அதனால் அறுவைச் சிகிச்சை நிபுணர்கள் இந்தக் காயங்களை உடனே தைத்து மூடுவதில்லை. ஒரு நாளைக்கோ இரு நாளைக்கோ ஒருமுறை ஆபரேஷன் அரங்குக்குக் கொண்டுபோய், செத்த தசையை வெட்டி, கழுவி, திறந்தே வைத்திருப்பார்கள். கால் இருந்த இடம் ஒவ்வொரு தடவையும் இன்னும் கொஞ்சம் மேலே ஏறும். ஹெல்மண்டின் ஈரமான வயல்மண்ணில் இருந்த பூஞ்சைகள் தசைக்குள் வளரத் தொடங்கியதும் நிலைமை மேலும் மோசமானது. அவற்றைச் சமாளிக்க மருத்துவர்கள் எடுத்த மருந்துகளில் ஒன்று, முதல் உலகப் போரின் பதுங்குகுழிக் காயங்களுக்காக உருவாக்கப்பட்ட டேக்கின் திரவம். அடிப்படையில் நீர்த்த சலவை பிளீச்சிங் கரைசல்தான் அது.

இத்தனைக்கும் முன்னால் அவர் முதல் ஐந்து நிமிடங்களைத் தாண்டியாக வேண்டும். தொடையின் பெரிய தமனி அறுந்தால் அதற்குள் உயிர் போய்விடலாம். தீர்வு எல்லோருக்கும் தெரிந்ததுதான்: காயத்துக்கு மேலே இறுக்கிக் கட்டுவது. டூர்னிகே என்ற அந்த இறுக்குப் பட்டை நூற்றாண்டுகள் பழையது. ஆனால் இருபதாம் நூற்றாண்டு முழுக்க அதற்குக் கெட்ட பெயர். பட்டையைக் கட்டினால் ரத்தம் போகாமல் கால் அழுகும், பிறகு வெட்ட வேண்டிவரும், ஆகவே வேறு வழியே இல்லையென்றால் மட்டும் கட்டு என்று பயிற்சி கொடுத்தார்கள். வெட்டுவதற்கு அஞ்சிய இந்த எச்சரிக்கையின் விலை என்ன? வியட்நாமில் வேறு பெரிய காயம் எதுவும் இல்லாமல், கை கால் ரத்தப்போக்கினால் மட்டுமே 2,500க்கும் மேற்பட்ட அமெரிக்க வீரர்கள் இறந்ததாக மதிப்பிடப்படுகிறது. காலைக் காப்பாற்றப் போய் ஆளை விட்டுவிட்டார்கள்.

அந்தக் கொள்கையை முதலில் உரக்க மறுத்தவர்கள் சிறப்புப் படைகளின் மருத்துவர்கள். 1996இல் வெளியான போர்க்கள முதலுதவி வழிகாட்டுதல், துப்பாக்கிச் சூட்டுக்கு நடுவே செய்யவேண்டிய முதல் சிகிச்சையாகவே டூர்னிகேயை வைத்தது. ஆனாலும் ஆப்கானிஸ்தானுக்கும் இராக்குக்கும் முதலில் போன சாதாரணப் படைவீரர் பலரிடம் நல்ல பட்டை இருக்கவில்லை. ஒரு பட்டை, அதைத் திருகி இறுக்க ஒரு குச்சி, குச்சியை நிறுத்த ஒரு கொக்கி, இவ்வளவுதான் பொருள். உலகின் மிகச் செலவு மிக்க ராணுவம் அதை ஒவ்வொரு வீரருக்கும் கொடுத்து முடிக்க 2005 ஆகிவிட்டது. இந்தத் தாமதத்தை மன்னிப்பது எனக்குக் கடினம்.

பட்டை பரவலாகக் கைக்கு வந்த பிறகு கிடைத்த சான்று ஐயத்துக்கு இடம் தரவில்லை. பாக்தாதின் இப்ன் சினா மருத்துவமனையில் 2006இல் டூர்னிகே கட்டப்பட்ட 232 பேரை ஆராய்ந்தார்கள். ரத்த இழப்பால் உடல் செயலிழக்கத் தொடங்கும் அதிர்ச்சி நிலைக்குப் போவதற்கு முன்பே கட்டப்பட்டவர்களில் 90 விழுக்காட்டினர் பிழைத்தார்கள். போன பிறகு கட்டப்பட்டவர்களில் 10 விழுக்காட்டினர். பட்டையின் காரணமாக மட்டுமே காலை இழந்தவர் ஒருவரும் இல்லை. 2001 முதல் 2011 வரையிலான அமெரிக்கப் போர்க்கள மரணங்களை அலசிய இன்னோர் ஆய்வின்படி, கை கால் ரத்தப்போக்கால் ஆண்டுக்குச் சராசரி 23 பேர் இறந்துகொண்டிருந்த நிலை மாறி மூன்று நான்காகக் குறைந்தது. சங்கினில் இருந்தவர்கள் இன்னும் ஒரு படி மேலே போனார்கள். ரோந்துக்குக் கிளம்பும் முன்பே இரண்டு தொடைகளிலும் பட்டைகளைத் தளர்வாக மாட்டிக்கொண்டு நடந்தார்கள். வெடித்தால் திருகினால் போதும். இருபது வயது இளைஞர்கள் தம் கால் போகப்போகிறது என்ற கணக்கோடு காலை உணவு முடித்துப் புறப்பட்டார்கள் என்பதே இதற்குப் பொருள்.

பட்டை வாங்கித் தருவது நேரம் மட்டுமே. அந்த நேரத்துக்குள் ஆள் மருத்துவமனைக்குப் போய்ச் சேர வேண்டும். அழைப்பு வந்த ஒரு மணி நேரத்துக்குள் காயம்பட்டவர் சிகிச்சை மையத்தை அடைந்தாக வேண்டும் என்று அமெரிக்கப் பாதுகாப்பு அமைச்சர் ராபர்ட் கேட்ஸ் 2009 ஜூனில் உத்தரவிட்டார். அதுவரை வழக்கமாக 90 நிமிடம் பிடித்த பயணம் 43 நிமிடமாகச் சுருங்கியது. பிரிட்டன் தன் சினூக் ஹெலிகாப்டரிலேயே மருத்துவரையும் ரத்தப் பைகளையும் ஏற்றி அனுப்பியது. உப்புநீரை ஏற்றி ரத்தத்தை நீர்க்கச்செய்யும் பழைய வழக்கம் போய், சிவப்பணுவும் பிளாஸ்மாவும் சம அளவில் ஏற்றும் முறை வந்தது. ஹெல்மண்டில் இருந்த பிரிட்டிஷ் தளமான கேம்ப் பாஸ்டியனின் மருத்துவமனையிலிருந்து அமெரிக்கர்கள் ஜெர்மனியின் லாண்ட்ஸ்டூலில் உள்ள அமெரிக்க ராணுவ மருத்துவமனை வழியாக வால்டர் ரீட் போன்ற ராணுவ மருத்துவமனைகளுக்கும், பிரிட்டிஷ் வீரர்கள் பர்மிங்ஹாமுக்கும் போனார்கள். வியட்நாமில் காயம்பட்டவர் அமெரிக்க மண்ணை அடையச் சராசரி 45 நாள் ஆனது. இந்தப் போர்களில் அது நான்கு நாளுக்குள் சுருங்கியது.

இவை எல்லாவற்றுக்கும் அடியில் ஒரு பெரிய வசதி மறைந்திருந்தது: எதிரியிடம் விமானம் இல்லை. உக்ரைனில் அந்த வசதி இல்லாதபோது பாடம் தலைகீழாகிவிட்டது. ட்ரோன்களுக்கு அஞ்சிக் காயம்பட்டவர்கள் பல மணி நேரம் பதுங்குகுழியிலேயே கிடக்க வேண்டியிருக்கிறது. அங்கே கட்டிய பட்டையை உரிய நேரத்தில் தளர்த்திப் பார்க்க ஆள் இல்லாமல், காப்பாற்றியிருக்கக்கூடிய கால்களும் போகின்றன. பழைய மருத்துவர்களின் அச்சம் முழு மூடநம்பிக்கை இல்லை என்பது இப்போது தெரிகிறது. பட்டையைவிடத் தாமதம்தான் காலைக் கொல்கிறது.

அறுவைச் சிகிச்சை அரங்கின் கதை வேறு. இரண்டாம் உலகப் போரில் அறுந்த தமனியைக் கட்டி மூடிவிடுவதே வழக்கம். அப்படிச் செய்தவர்களில் ஏறத்தாழ பாதிப் பேர் பிறகு அந்த உறுப்பை இழந்தார்கள். கொரியப் போரில் தமனியைத் தைத்து இணைக்கக் கற்றுக்கொண்டதும் அது சுமார் 13 விழுக்காடாக இறங்கியது. இந்தத் திறமை கைவந்துவிட்டதால், ஆப்கானிஸ்தானில் இழந்த கால்களில் பெரும்பாலானவை மருத்துவர் முடிவெடுப்பதற்கு முன்பே களத்தில் போய்விட்டவை. மீதியில்தான் கடினமான கேள்வி எழுந்தது. நொறுங்கிய காலைப் பல அறுவைச் சிகிச்சைகள் செய்து ஒட்டவைப்பதா, எடுத்துவிடுவதா? ஒட்டவைப்பதே நல்லது என்று யாருக்கும் தோன்றும். ஆனால் 2013இல் வெளிவந்த அமெரிக்க ராணுவ ஆய்வு ஒன்றில், காலை எடுத்துவிட்டவர்கள் ஒட்டவைத்துக்கொண்டவர்களைவிட நன்றாக இயங்கினார்கள். போருக்குப் பிந்தைய மன உளைச்சலும் அவர்களிடம் குறைவு. வலிக்கும், வளையாத, நம்ப முடியாத கால் ஒன்றோடு வாழ்வதைவிட நல்ல செயற்கைக் கால் பலருக்குச் சுலபமாக இருந்தது. பின்னர் சான் அன்டோனியோவில் உள்ள ராணுவ மறுவாழ்வு மையத்தில் உருவான கார்பன் இழைத் தாங்கி ஒன்று இந்தக் கணக்கைக் கொஞ்சம் மாற்றியது. காலை எடுத்துவிடுங்கள் என்று கேட்டுவந்த சிலர் அதை மாட்டி ஓடிப் பார்த்துவிட்டு மனம் மாறினார்கள்.

பொதுமக்கள் மனதில் பதிந்த படம் ஓடுபவரின் படம்தான். 2014இல் லண்டனில் காயம்பட்ட வீரர்களுக்காக இளவரசர் ஹாரி தொடங்கிய இன்விக்டஸ் விளையாட்டுப் போட்டிகளும், இராக்கில் இரண்டு கால்களையும் இழந்த ஹெலிகாப்டர் விமானி டாமி டக்வொர்த் அமெரிக்க செனட் சபைக்குப் போனதும் அந்தப் படத்தை வலுவாக்கின. பொய்யில்லை, ஆனால் அந்தப் படத்தில் சாக்கெட் தெரிவதில்லை. எஞ்சிய தொடை உள்ளே போய் உட்காரும் கூடு அது. செயற்கைக் காலில் எவ்வளவு மின்னணுவியல் இருந்தாலும், பயன் முழுவதும் இந்தக் கூடு எப்படிப் பொருந்துகிறது என்பதைப் பொறுத்தது. தொடை காலையில் ஒரு சுற்றளவு, மாலையில் ஒரு சுற்றளவு. வியர்வை சேரும், தோல் உரியும், கொப்புளம் வரும்; வந்தால் சில நாள் காலை மாட்ட முடியாது, சக்கர நாற்காலிதான். வெடிப்புக் காயங்களுக்கே உரிய இன்னொரு தொல்லை, எஞ்சிய தசைக்குள் எலும்பு முளைப்பது. போரில் உறுப்பிழந்தவர்களில் பாதிக்கும் மேற்பட்டோருக்கு இது வந்தது. கூட்டுக்குள் ஒரு கல்லோடு நடப்பது போன்ற வலி. சிலருக்கு அதை வெட்டி எடுக்க மறுபடி ஆபரேஷன்.

இரண்டு கால்களையும் முழங்காலுக்கு மேலே இழந்தவர் நடக்கச் செலவிடும் ஆற்றல் மற்றவர்களுடையதைப் போல இரட்டிப்புக்கும் மேல். அதனால் அவர்களுக்கு முதலில் முழங்கால் மூட்டே இல்லாத குட்டைக் கால்களை மாட்டிப் பழக்குகிறார்கள். விழுந்தாலும் உயரம் குறைவு. பிறகு படிப்படியாக உயர்த்தி, கணினிச் சில்லு பொருத்திய முழங்காலுக்குப் போவார்கள். 1997இல் ஜெர்மனியின் ஓட்டோபாக் நிறுவனம் அறிமுகப்படுத்திய சீ-லெக் இதில் முதல் பெரிய பாய்ச்சல். அதன் அடுத்த தலைமுறையான ஜீனியத்தை ராணுவத்தில் உறுப்பிழந்தவர்களுக்கு வழங்க பிரிட்டன் 2013இல் 65 லட்சம் பவுண்டு ஒதுக்கியது. ராணுவத்தை விட்டு வெளியே வந்த பிறகு அதே தரத்தில் காலைப் பொதுச் சுகாதாரச் சேவை பராமரிக்குமா என்ற கேள்வி அதற்கு முன்பே எழுந்துவிட்டது. நாடாளுமன்ற உறுப்பினர் ஆண்ட்ரூ முரிசன் 2011இல் தந்த அறிக்கையே அதைப் பற்றியதுதான்.

கைகளைப் பற்றிச் சொல்ல அதிகமில்லை. முன்னேற்றமும் அங்கே மெதுவாகத்தான் நடந்தது. அமெரிக்கப் பாதுகாப்புத் துறையின் பணத்தில் கண்டுபிடிப்பாளர் டீன் காமன் உருவாக்கிய மின்னணுக் கைக்கு 2014இல் அனுமதி கிடைத்தது. ஆனாலும் தோள் அசைவில் கம்பியிழுத்துத் திறக்கும் இரட்டைக் கொக்கியை விரும்புவோர் பலர். அந்தக் கொக்கி 1912ஆம் ஆண்டுக் கண்டுபிடிப்பு.

இல்லாத காலில் வரும் வலிக்கு ஒரு சென்னைத் தொடர்பு உண்டு. தமிழ்நாட்டில் பிறந்து ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த நரம்பியலாளர் வி. எஸ். ராமச்சந்திரன், 1990களில் கலிபோர்னியாவில் ஒரு எளிய சோதனை செய்தார். இருக்கும் கையின் பிம்பம் இல்லாத கையின் இடத்தில் தெரியும்படி கண்ணாடியை நிறுத்தி, அதைப் பார்த்துக்கொண்டே கையை அசைக்கச் சொன்னார். முறுக்கிக்கொண்டதாக உணரப்பட்ட மாயக் கை சிலருக்குத் தளர்ந்தது. வால்டர் ரீட் மருத்துவமனையில் காலிழந்த 22 பேரிடம் இதை முறையாகச் சோதித்து 2007இல் முடிவை வெளியிட்டார்கள். நான்கு வாரம் கண்ணாடி பார்த்த ஆறு பேருக்கும் வலி குறைந்தது. கண்ணாடியை மூடிவைத்துப் பயிற்சி செய்தவர்களில் ஒருவருக்கு மட்டும். சிறிய ஆய்வுதான். ஆனால் மாத்திரைகள் சரிவர அடக்காத வலிக்கு, எந்தக் கடையிலும் கிடைக்கும் நிலைக்கண்ணாடி மருந்தானது அந்த மருத்துவமனையில்தான்.

வேலைக்குத் திரும்பியவர்கள் எத்தனை பேர்? 1980களில் உறுப்பிழந்த அமெரிக்க வீரர்களில் பணிக்குத் திரும்பியவர்கள் 2.3 விழுக்காடு. 2001 முதல் 2006 வரை உறுப்பிழந்த 395 பேரில் அது 16.5 விழுக்காடு. இந்தியாவில் இதற்கு முன்னோடி ராணுவ அதிகாரி இயன் கார்டோசோ. 1971 போரில் இன்றைய வங்கதேசத்தின் சில்ஹெட்டில் மிதிவெடியில் சிக்கி, சிதைந்த காலைத் தன் குக்ரிக் கத்தியாலேயே வெட்டிக்கொண்டவர். அந்தக் கதை எல்லோருக்கும் தெரியும். அதைவிடக் கடினமான பகுதி அதற்குப் பிறகு வந்தது. தம்மால் மலையேற முடியும் என்று ராணுவத் தலைமைக்கு நடந்து காட்டி, மரக்காலோடு காலாட்படைப் பட்டாலியனுக்குத் தலைமை தாங்கும் உரிமையை வாங்கினார்.

பணத்துக்கு வருவோம். 2005 டிசம்பரில் தொடங்கிய அமெரிக்க ராணுவக் காயக் காப்பீடு ஒரு பாதத்துக்கு 50,000 டாலர் தந்தது. அதிகபட்சம் ஒரு லட்சம். பிரிட்டனில் மிக மோசமான காயத்துக்கான ஒருமுறைத் தொகை, மக்களின் கோபத்துக்குப் பிறகு 2008இல் 2,85,000 பவுண்டிலிருந்து 5,70,000 ஆக இரட்டிப்பானது. இவை அன்றைய செலவு. உண்மையான செலவு நீண்டது. முதல் உலகப் போர் வீரர்களுக்கான அமெரிக்க ஊன உதவித்தொகை உச்சத்தைத் தொட்டது 1969இல், போர் முடிந்து அரை நூற்றாண்டுக்குப் பிறகு. நல்ல கால் தேய்கிறது, முதுகு போகிறது, எடை கூடுகிறது. இரண்டாம் உலகப் போரில் இரு கால்களையும் முழங்காலுக்கு மேலே இழந்தவர்களிடம் இதயநோய் மரணம் மிகுதி என்பது 1980லேயே பதிவாகிவிட்டது.

இதே குண்டுகளை மிதித்த ஆப்கானியர்களுக்கு லாண்ட்ஸ்டூல் விமானம் இல்லை. அவர்களில் பலர் காபூலில் செஞ்சிலுவைச் சங்கத்தின் மையத்துக்குப் போனார்கள். இத்தாலியரான ஆல்பர்ட்டோ கைரோ 1990இலிருந்து அங்கே பணியாற்றுகிறார். கால் செய்து தரும் ஊழியர்களில் பெரும்பாலோர் தாங்களே உறுப்பிழந்தவர்கள். ஹெல்மண்ட் விவசாயிக்கு அங்கே கிடைப்பது பாலிபுரொபிலீன் கால். கணினிச் சில்லு கிடையாது. பழுதானால் உள்ளூரிலேயே சரிசெய்யலாம்.

பிரிட்டிஷ் ராணுவ மருத்துவத்தில் 'வாக்கர் சரிவு' என்ற பேச்சு உண்டு. ஒரு போரில் கற்றதை அமைதிக் காலத்தில் மருத்துவத் துறை மறந்துவிடும், அடுத்த போரின் முதல் காயங்களில் அதை மறுபடி கற்கும் என்பதே அது. பாஸ்டியன் மருத்துவமனை 2014இல் மூடப்பட்டது. உறுப்பிழந்தவர்கள் நடை பழகிய ஹெட்லி கோர்ட் 2018இல் மூடப்பட்டு, மறுவாழ்வு மையம் லஃப்பரோவுக்கு அருகே இடம்பெயர்ந்தது. அங்கே கால்களை அறுத்த நிபுணர்கள் ஓய்வு பெற்றுக்கொண்டிருக்கிறார்கள். அவர்களிடம் இருபது வயதில் வந்தவர்கள் முப்பதைத் தாண்டிவிட்டார்கள். ஆப்கானிஸ்தானில் காயம்பட்டவர்களையும், அங்கே பணியாற்றிக் காயமின்றித் திரும்பியவர்களையும் சேர்த்து ஆயிரத்துக்கும் மேற்பட்ட ஆண்களை பிரிட்டனின் 'அட்வான்ஸ்' ஆய்வு இருபது ஆண்டுகளுக்குப் பின்தொடர்கிறது. அதன் தொடக்க முடிவுகளிலேயே காயம்பட்டவர்களின் இதயநோய் அபாயம் மற்றவர்களைவிடக் கூடுதலாக இருக்கிறது.